தேறினாரா, எழுதினாரா?: ‘பாஸே’ என்ற பிரெஞ்சு வினையும் ஆங்கிலக் காதும்

பிரெஞ்சு கற்கும் ஓர் ஆங்கிலேயரைக் கற்பனை செய்துகொள்வோம். பாரிஸில் அவருக்கு ஒரு நண்பர். “ழே பாஸே மோன் பெர்மி” என்கிறார் நண்பர். ‘பெர்மி’ என்றால் டிரைவிங் லைசன்ஸ். ‘பாஸே’ என்றால் பாஸ். ஆங்கிலேயர் பாய்ந்து கைகுலுக்குகிறார். நண்பர் விழிக்கிறார். லைசன்ஸ் தேர்வுக்குப் போய்வந்தேன் என்று மட்டும்தான் அவர் சொன்னார். தேறினாரா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ரிசல்ட்டே இன்னும் வரவில்லை. நாலு நாள் கழித்து அதே நண்பர், “மோன் கிரான்-பேர் ஏ பாஸே இயேர்” என்கிறார். தாத்தா, நேற்று, பாஸே. ஆங்கிலேயரின் முகம் வாடுகிறது. தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லப் பார்க்கிறார். நண்பர் மறுபடியும் விழிக்கிறார். தாத்தா நேற்று இந்தப் பக்கம் வந்தவர், வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சொன்னது அவ்வளவுதான்.

ஒரே வினைக்கு ஒருமுறை தப்பான வாழ்த்து, ஒருமுறை தப்பான துக்க விசாரிப்பு.

பாஸே பார்ப்பதற்குச் சாது. முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் ‘ஏ’ ஈற்று வினைகளில் ஒன்று. வாய்பாட்டில் முறைகேடு எதுவும் கிடையாது. ‘எத்ர்’, ‘அவ்வார்’, ‘ஃபேர்’ போன்றவற்றின் தாறுமாறான வடிவங்களை உருப்போட்டுக் களைத்த மாணவர் பாஸேயைப் பார்த்ததும் மூச்சு விடுகிறார். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அகராதிகூடத் தேவைப்படுவதில்லை. எழுத்திலேயே அர்த்தம் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நிம்மதியில்தான் வம்பு தொடங்குகிறது.

1928இல் மாக்ஸிம் கோஸ்லர், ஜூல் தெரோக்கின்யி என்ற இருவர், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரே முகத்தோடு நின்று வெவ்வேறு பொருள் சொல்லும் சொற்களைத் திரட்டி ஒரு புத்தகம் போட்டார்கள். அந்தச் சொற்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஃபோ அமி’, அதாவது பொய் நண்பர்கள். பெயர் நிலைத்துவிட்டது, இன்று மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் புழங்கும் சொல் அது. ஆனால் பாஸே முழுப் பொய்யன் அல்ல. உப்பை இந்தப் பக்கம் தள்ளு, எல்லையைத் தாண்டினான், நேரம் போகிறது, பந்தைக் கொடுத்தான், சட்டம் நிறைவேறியது ஆகிய இடங்களில் ஆங்கில ‘பாஸ்’ அச்சாகப் பொருந்தும். பத்துத் தடவை கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்துவிட்டுப் பதினோராவது தடவை காலை வாருகிறவனைப் பற்றித்தான் நாம் முன்கூட்டியே யோசிப்பதில்லை.

இரண்டுக்கும் ரத்த உறவு உண்டு என்பது உண்மை. லத்தீனில் ‘பாஸுஸ்’ என்றால் காலடி, ஓர் எட்டு. அதிலிருந்து பேச்சு லத்தீனில் ‘எட்டு வைத்துப் போ’ என்ற பொருளில் ஒரு வினை கிளைத்து, பழைய பிரெஞ்சில் பாஸே ஆயிற்று. 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ரோலான் காவியத்தில் பிரெஞ்சுப் படை மலைக் கணவாய்களைக் கடக்கும் இடத்தில் இந்த வினை இருக்கிறது. (லத்தீன் அகராதியில் இதே எழுத்துகளில் தேடினால் சிட்டுக்குருவி கிடைக்கும், வீட்டுச் சிட்டின் அறிவியல் பெயரில் இருப்பது அந்தச் சொல். குருவிக்கும் காலடிக்கும் உறவில்லை.) 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அடுத்த சில நூற்றாண்டுகளில் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் புழங்கிய அவர்களுடைய பிரெஞ்சிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்குள் இறங்கின. பாஸேயும் தன் குடும்பத்தோடு குடியேறியது. பாஸ்போர்ட், பாசஞ்சர், பாசேஜ், ‘பாஸ்-தான்’ என்ற பிரெஞ்சுப் பொழுதுபோக்கை அப்படியே மொழிபெயர்த்த ‘பாஸ்டைம்’, காலடியால் அளப்பதிலிருந்து வந்த காம்பஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். நம் பஸ் பாஸும் கேட் பாஸும் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த பேரப்பிள்ளைகள்.

குடியேறிய குடும்பத்தில் பாகப் பிரிவினை நடக்காமல் இருக்குமா? ‘த்ரேபாஸே’ என்று ஒரு வினை. பழைய பிரெஞ்சில் அதற்குக் கடந்து போதல், வரம்பு மீறுதல், உயிர் விடுதல் என்று பல சொத்து இருந்தது. இன்றைய பிரெஞ்சு அதில் சாவை மட்டும் வைத்துக்கொண்டது. அதுவும் ஏட்டு நடையில். ஆங்கில ‘டிரெஸ்பாஸ்’ வரம்பு மீறலை எடுத்துக்கொண்டது. பிறர் நிலத்தில் நுழைந்தால் வழக்கு. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த சொல், ஆங்கிலக் கால்வாயின் ஒரு கரையில் மரண அறிவிப்பாகவும் மறு கரையில் வேலியில் தொங்கும் பலகையாகவும் ஆகிவிட்டது. பாஸேயிலும் இதே கதைதான், பிரிவினை மட்டும் இவ்வளவு சுத்தமாக முடியவில்லை.

பிரெஞ்சுச் சொல் பல பொருள் தருகிறதே என்று இங்கிலாந்து தலையில் கை வைப்பது நேற்று தொடங்கியதல்ல. 13ஆம் நூற்றாண்டில் வால்ட்டர் ஆஃப் பிப்ஸ்வர்த் என்ற பிரபு, டியோனிசி என்ற சீமாட்டி தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கட்டும் என்று ஒரு செய்யுள் நூல் எழுதிக்கொடுத்தார். பிரெஞ்சு அடிகள், வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் ஆங்கிலப் பொருள். உதடு, முயல், பவுண்டு, புத்தகம் ஆகிய நான்கும் பிரெஞ்சில் ஏறக்குறைய ஒரே ஒலி, ஆண்பால் பெண்பால் பார்த்துச் சொல்லாவிட்டால் மானம் போகும் என்று அதில் எச்சரிக்கிறார். 1530இல் ஜான் பால்ஸ்கிரேவ் ஆங்கிலேயருக்காகப் பெரிய பிரெஞ்சு இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். எட்டாம் ஹென்றியின் தங்கைக்குப் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர். 1611இல் ராண்டில் காட்கிரேவின் பிரெஞ்சு-ஆங்கில அகராதி லண்டனில் வெளியாயிற்று. இப்படி ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு பட்டியலைச் சேர்த்தார்கள். இன்றைய இருமொழி அகராதிகளில் பாஸேக்குப் பக்கக் கணக்கில் இடம் ஒதுக்கியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களே இந்தச் சொல்லை எப்படி அடுக்கினார்கள் என்று பார்ப்பது சுவையானது. பிரெஞ்சு அகாதமி 1694இல் தன் முதல் அகராதியை வெளியிட்டபோது சொற்களை வெறும் அகர வரிசையில் வைக்கவில்லை. வேர்ச்சொல்லின்படி குடும்பம் குடும்பமாக வைத்தது. தாய்ச்சொல்லின் கீழே பிள்ளைச் சொற்கள். வாசகர்களுக்குத் தேடுவது கஷ்டமாயிற்று. 1718இல் வந்த இரண்டாம் பதிப்பு அகர வரிசைக்கு மாறிக்கொண்டது. தேடும் வசதிக்கு இரண்டாவது நல்லது. ஆனால் பாஸே போன்ற ஒன்றைப் புரிந்துகொள்ள முதல் பதிப்பின் புத்தியே சரி என்பது என் கட்சி. 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த ‘பிரெஞ்சு மொழிக் கருவூலம்’ என்ற பேரகராதியும், பொருள்களை எண் போட்டுப் பிரித்தாலும், நகர்வு, கடப்பு, மாற்றம் என்று பெரிய கிளைகளாகவே பார்க்கிறது.

ஒரு சொல் பல பொருள் தரும் நிலைக்குப் ‘பொலிஸெமி’ என்று பெயரிட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். மிஷேல் ப்ரேயால். 1897இல் வந்த அவருடைய சொற்பொருளியல் நூலில் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது. பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரு சொல்லின் மற்றப் பொருள்களை ஒதுக்கித் தள்ளவேண்டிய வேலையே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவை அவர்கள் மனத்தில் எழுவதே இல்லை என்கிறார். பாரிஸ்காரருக்குப் பாஸே ஒரே சொல். இருபது சொல்லாக அது உடைவது ஆங்கிலக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது.

மேசை விளக்கின் கீழ் இதைப் பார்ப்பதைவிட ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாம். சாயங்காலம் ஏழரை மணி, லியோனோ நாந்தோ, ஏதோ ஓர் ஊரில் மூன்றாம் மாடி. அம்மா தரையைத் துடைத்து முடிக்கிறாள்: துணியைத் தரைமேல் ‘பாஸே’ செய்தாள். அதற்கு முன் வேக்குவம் கிளீனரை ‘பாஸே’ செய்திருந்தாள். மூத்தவன் உள்ளே வருகிறான், மழை. “ஸ்வெட்டரைப் பாஸே பண்ணிக்கொள்” என்றால் மேலே மாட்டிக்கொள். தபால்காரர் வந்தாரா? பாஸே, வந்துவிட்டுப் போனார். அடுப்படியில் காபி ‘பாஸ்’ ஆகிறது, ஃபில்டரிலிருந்து சொட்டுகிறது. நூடுல்ஸ் வடிக்கும் துளைப் பாத்திரத்துக்குப் பெயர் ‘பாஸ்வார்’. போன் அடிக்கிறது, பாட்டி; “இரு, அம்மாவை உனக்குப் பாஸே செய்கிறேன்” என்று மகள் போனை நீட்டுகிறாள். டி.வி.யில் என்ன பாஸ் ஆகிறது? பழைய படம் ஒன்று ஓடுகிறது. திரைச்சீலையின் நீலம் பாஸே ஆகிவிட்டது, வெயிலில் வெளுத்துவிட்டது. “மேசைக்குப் பாஸே ஆவோம்” என்கிறார் அப்பா: சாப்பிட உட்காருங்கள். உப்பைப் பாஸே செய். மத்தியானம் தின்ற சாசேஜ் இன்னும் ‘பாஸ்’ ஆகவில்லை, வயிற்றிலேயே நிற்கிறது. திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நிமிஷ மௌனம். “அன் ஆன்ஜ் பாஸ்” என்கிறாள் பாட்டி போனிலிருந்தே. தேவதை ஒன்று குறுக்கே போகிறது.

இந்த வீட்டிலுள்ள யாருக்கும் தாம் ஒரே சொல்லைப் பத்துப் பதினைந்து அர்த்தத்தில் புழங்கினோம் என்ற உணர்வே இருக்காது. எல்லாவற்றிலும் ஒரே அசைவு இருக்கிறது: ஏதோ ஒன்று, ஒரு புள்ளியையோ ஒரு பரப்பையோ ஒரு தடையையோ தாண்டி, மறு பக்கம் போகிறது. துணி தரை முழுக்கப் போகிறது. தண்ணீர் காபித் தூளின் ஊடே போகிறது. தலை ஸ்வெட்டரின் கழுத்து வழியே போகிறது. நீலம் துணியைவிட்டுப் போகிறது. தபால்காரர் வாசலைத் தொட்டுப் போகிறார். தேர்வும் இப்படித்தான். மாணவர் ஒரு வாசல் வழியாகப் போகிறார். அந்தப் பக்கம் எந்த முகத்தோடு வெளியே வருகிறார் என்பது வேறு வினையின் பொறுப்பு. தேறினேன் என்பதற்குப் பிரெஞ்சில் ‘ரேயுஸீர்’ இருக்கிறது. ஆங்கிலம் வாசலோடு வெற்றியையும் சேர்த்து ஒரே சொல்லில் அடைத்துவிட்டது. கியூபெக்கில் ஆங்கிலத்தோடு அன்றாடம் உரசி வாழும் பிரெஞ்சு பேசுவோர் பாஸேயையே ‘தேறினேன்’ என்ற பொருளில் சொல்லத் தொடங்கியதும், அங்குள்ள மொழிக் காவலர்கள் அது ஆங்கிலத் தொற்று என்று கண்டிப்பதும் தனிக் கதை.

அசைவு ஒன்றுதான் என்றால் கேட்பவர் எதை வைத்துப் பிரிக்கிறார்? அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்து. இதைப் பாடப்புத்தகங்கள் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு இதுதான் பாடமே என்று படுகிறது. முதலில் துணைவினை. செயப்படுபொருள் இருந்தால் ‘அவ்வார்’ வரும். இல்லாமல் ஆள் தானே நகர்ந்தால் ‘எத்ர்’ வரும். “ழே பாஸே” என்று தொடங்கினால், எதையோ செய்தேன், எதையோ கொடுத்தேன், எத்தனையோ மணி நேரத்தைக் கழித்தேன். “ழ ஸ்வி பாஸே” என்று தொடங்கினால் நானே போனேன், வந்தேன், எட்டிப் பார்த்தேன். மேலே சொன்ன ஆங்கிலேயர், தாத்தா பற்றிய வாக்கியத்தில் பாஸேக்கு முன்னால் நின்ற ‘ஏ’ என்ற ஓரெழுத்தைக் காதில் வாங்கியிருந்தால் ஆள் நகர்வைப் பற்றிய பேச்சு இது என்றாவது ஊகித்திருப்பார். அடுத்தது முன்னிடைச் சொல். ‘ஷே’ வந்தால் ஒருவர் வீட்டுக்கு. ‘பார்’ வந்தால் ஓர் ஊர் வழியாக. ‘ஆ’ வந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி. ‘பூர்’ வந்தால் இன்னாராகத் தோன்றி, முட்டாளாகவோ பணக்காரனாகவோ கணிக்கப்பட்டு. ‘ஆ கோத்தே’ வந்தால் பக்கத்தில் போயும் தவறவிட்டு. ‘ஈ’ என்ற ஒற்றை எழுத்து முன்னால் ஒட்டினால் விஷயமே மாறும். தாத்தா ‘பாஸே’ என்றால் வந்துபோனார். “இல் ஈ ஏ பாஸே” என்றால் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். ஆறுதல் சொல்லும் நேரம் அப்போதுதான்.

ஓசையில் இன்னொரு இக்கட்டு. எழுதும்போது வினையின் மூல வடிவம், ‘நீங்கள்’ முன்னிலை, இறந்தகால எச்சம், அதன் பெண்பால், பன்மை எல்லாம் வேறு வேறு எழுத்துக்கூட்டல். காதுக்கு எல்லாம் ‘பாஸே’. பிரெஞ்சுக் குழந்தைகளே டிக்டேஷனில் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். ஆங்கிலேயருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல இது.

ஆங்கிலத்தில் பாஸேக்கு ஈடாக ஏன் இத்தனை சொல் வேண்டியிருக்கிறது என்பதற்கு மொழியியலாளர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வினேயும் தார்பெல்னேயும் 1958இல் பிரெஞ்சு, ஆங்கில நடைகளை ஒப்பிட்டு எழுதிய நூலில் ஓர் உதாரணம் பிரபலம். ப்ளேரியோ 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார் அல்லவா? பிரெஞ்சில் சொல்லும்போது வினை ‘கடந்தார்’. ‘விமானத்தில்’ என்பது பின்னொட்டு. ஆங்கிலத்தில் வினை ‘பறந்தார்’. ‘குறுக்கே’ என்பது ஒட்டு. ஒன்றில் வினையாக இருந்தது மற்றதில் வாலாகிறது, வால் வினையாகிறது. பின்னால் 1980களில் லெனார்ட் டால்மி இதை உலக மொழிகளுக்கெல்லாம் விரித்தார்: சில மொழிகள் பாதையை வினைக்குள் வைக்கின்றன, சில மொழிகள் பாதையை வினைக்கு வெளியே ஒரு சிறு சொல்லில் வைத்துவிட்டு, எப்படி நகர்ந்தார் என்பதை வினைக்குக் கொடுக்கின்றன. பிரெஞ்சு முதல் வகை, ஆங்கிலம் இரண்டாவது.

இதைப் பிடித்துக்கொண்டால் பாஸேயின் ஆங்கிலப் பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். ‘கோ பை’, ‘கோ த்ரூ’, ‘கோ ஓவர்’, ‘டிராப் இன்’, ‘கெட் பாஸ்ட்’, ‘புட் ஆன்’, ‘புட் த்ரூ’. எல்லாவற்றிலும் சின்ன வால்கள். பிரெஞ்சு ஒரு வினையில் அடக்கிவைத்த பாதையை ஆங்கிலம் திசைக்கு ஒரு வால் போட்டுப் பங்கிட்டுவிட்டது. வால்களை எண்ணி, இத்தனை அர்த்தம் என்று கணக்கு எழுதுகிறார் மாணவர்.

மார்செல் ஏமே 1943இல் வெளியிட்ட தொகுப்பில் ‘பாஸ்-முராய்’ என்றொரு கதை. துத்தியேல் என்ற குமாஸ்தாவுக்குச் சுவர்களின் ஊடே போகும் சக்தி வந்துவிடுகிறது. பிரெஞ்சுத் தலைப்பு இரண்டே சொல்: போ, சுவர். ஆங்கிலத்தில் அது ‘சுவர்களின் ஊடே நடந்த மனிதன்’ ஆயிற்று. துத்தியேல் நடந்ததாகப் பிரெஞ்சுத் தலைப்பு எங்கே சொன்னது? ஓடியிருக்கலாம், நழுவியிருக்கலாம். ஆங்கிலத்துக்கு எப்படிப் போனான் என்று ஏதாவது ஒரு வினை வேண்டும்; ‘ஊடே’ என்று ஒரு வால் வேண்டும். மோன்மார்த்ரில் ஏமேயின் பெயரிலுள்ள சிறு சதுக்கத்தில், நடிகர் ழான் மாரே 1989இல் செய்த சிலை இருக்கிறது: கற்சுவரிலிருந்து ஒரு தலை, ஒரு கை, ஒரு கால், பாதி உடம்பு வெளியே. கதையின் முடிவில் துத்தியேல் சுவருக்குள் மாட்டிக்கொள்கிறான். ‘நடந்த மனிதன்’ என்ற ஆங்கிலத் தலைப்போடு அந்தச் சிலைக்கு முன்னால் நின்றால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

தமிழ் இதில் எந்தப் பக்கம்? ஆற்றை நீந்திக் கடந்தான் என்கிறோம். கடத்தல் முற்று வினை, நீந்தியது எச்சம். பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் சொல்வார்: ஆற்றைக் கடந்தான், நீச்சலில். பாதை வினைக்குள் இருக்கவேண்டும் என்பது நமக்குப் பழக்கமான ஏற்பாடு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் ஏராளம். மதிப்பெண் கிடைக்கும் என்பது ஒரு காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கையிலிருக்கும் பாடம் ஆங்கில வழியில் வருகிறது. அதனால் தாய்மொழியில் இல்லாத சிக்கலையும் ஆங்கிலத்திடமிருந்து கடன் வாங்கித் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். ‘பரீட்சை எழுதினேன்’ என்று தமிழில் ஒரு கணம் நினைத்தால் பாஸே அங்கே காலை வாராது. ‘பரீட்சை பாஸ்’ என்று நினைத்தால் கண்டிப்பாக வாரும்.

‘ஸ’ என்ற தன்வினைக் குறி ஒட்டினால் பாஸே இன்னொரு வீட்டுக்குக் குடிபோகிறது. “கெஸ் கி ஸ பாஸ்?” என்றால் என்ன நடக்கிறது? ஆள் நடப்பதும் காரியம் நடப்பதும் தமிழில் ஒரே வினை என்பதால் நமக்கு இதில் வியப்பில்லை. அதற்குப் பின்னால் ‘து’ என்ற சிறு சொல் வந்துவிட்டால் பொருள் தலைகீழ். ‘ஸ பாஸே து’ என்றால் ஒன்று இல்லாமலே சமாளிப்பது. சர்க்கரை இல்லாமல் காபி, கார் இல்லாமல் வாழ்க்கை. நடப்பதிலிருந்து இல்லாமைக்கு எப்படிப் போயிற்று என்று மாணவர்கள் கேட்பார்கள். பல வாத்தியார்கள் மனப்பாடம் செய் என்று முடித்துவிடுவார்கள். வழி இருக்கிறது. பழைய பிரெஞ்சில் இந்தத் தொடருக்கு இருப்பதை வைத்துக் காலம் தள்ளுவது, திருப்திப்படுவது என்று பொருள். உள்ளதை வைத்து ஓட்டுவது, இல்லாததை விட்டுவிட்டு ஓட்டுவது இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ரொம்பக் குறைவு. ‘ஓட்டுவது’ என்று நான் இங்கே எழுதியதே அந்தப் பாதையைக் காட்டிவிடும்.

மரபுத்தொடர்களை முழுக்கச் சொல்லப் போனால் இரவு கழிந்துவிடும் (இதற்கும் பாஸேதான்). ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ஒருவருக்குச் சோப்பைப் பாஸே செய்தால் அவரைச் செம்மையாகத் திட்டினீர்கள். நம் ஊரில் சோப்பு போடுவது முகஸ்துதி. பிரெஞ்சுக்காரர்கள் முகஸ்துதிக்குக் களிம்பைத் தடவுகிறார்கள், அதற்கும் வினை பாஸேயே. பஞ்சைப் பாஸே செய்தால் மன்னித்து மறந்தீர்கள். சிலேட்டை ஸ்பாஞ்சால் துடைப்பதுபோல. துப்பாக்கியை இடப் பக்கம் பாஸே செய்தவர் உயிரை விட்டவர், படைவீரர் பேச்சு. பில்லியர்ட்ஸ் மேசைமேல் பாஸே ஆகிறவருக்கு ஆபரேஷன். சற்று முன்னால் சாப்பிட உட்காருவதாகப் பார்த்த ‘மேசைக்குப் பாஸே’ போலீஸ் ஸ்டேஷன் பாஷையில் குற்றத்தை ஒப்புக்கொள்வது. நம் குற்றவாளி உண்மையைக் கக்குகிறான், அவர்களுடையவன் சாப்பிட உட்காருகிறான்.

இந்தச் சொல் வீட்டுக்கு வெளியே போய் உலக வரலாற்றிலும் நின்றிருக்கிறது. ‘லேஸே ஃபேர், லேஸே பாஸே’ என்ற கோஷத்தை 18ஆம் நூற்றாண்டு வணிகச் சிந்தனையாளர் வான்சான் து கூர்னேயின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். செய்ய விடு, போக விடு: தொழிலுக்குத் தடை போடாதே, சரக்கைச் சுங்கச்சாவடியில் நிறுத்தாதே. ஆங்கிலம் இதில் முதல் பாதியை மட்டும் பொருளாதாரக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதி ஒரு காகிதமாகச் சுருங்கிற்று. ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பயண ஆவணத்துக்கு இன்றும் ‘லேஸே பாஸே’ என்றே பெயர். வெர்தூனில் 1916இல் ஜெர்மன் தாக்குதலை எதிர்த்து நின்ற பிரெஞ்சு வீரர்களின் பதக்கத்தில் பொறித்த வாசகம் “ஓன் ந பாஸ் பா”: இவ்வழி போக முடியாது. அந்த நான்கு சொல்லில் ஒரு சின்ன விசேஷம் உண்டு. பிரெஞ்சு எதிர்மறையில் கடைசியாக வரும் ‘பா’வும் அதே லத்தீன் காலடிதான். ஓர் எட்டுகூட நடக்கமாட்டேன் என்று அழுத்திச் சொன்னதில், எட்டு தேய்ந்து வெறும் ‘இல்லை’ ஆகிவிட்டது. ஆக, வெர்தூன் பதக்கத்தில் காலடி இரண்டு முறை இருக்கிறது: ஒன்று போகப் பார்க்கிறது, மற்றது மறிக்கிறது. போக வழியில்லாத தெருவுக்கு ‘அன்பாஸ்’ என்ற சொல்லை வால்டேர் சிபாரிசு செய்தார். அதுவரை வழங்கிய ‘கூ-து-ஸாக்’, பையின் பின்புறம் என்று பொருள்படுவது, அவர் காதுக்கு அசிங்கமாக இருந்ததாம். ஆங்கிலேயர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். தெருவுக்கு அசிங்கமான சொல்லையும் பேச்சுவார்த்தை முட்டி நிற்பதற்கு நாகரிகமான சொல்லையும் வைத்துக்கொண்டார்கள்.

ழூல் வெர்னின் ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ 1872இல் தொடராக வந்தது. அதில் ஆங்கிலேய எஜமான் ஃபிலியாஸ் ஃபாக். பிரெஞ்சு வேலைக்காரன் பாஸ்பார்த்து. பெயருக்கு எங்கும் நுழையும் சாவி என்று பொருள். எந்தச் சிக்கலிலிருந்தும் வெளியேறத் தெரிந்தவன் என்பதால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்று அவனே சொல்லிக்கொள்கிறான். கதை முழுக்க எஜமானின் பயணத்தைத் தள்ளிக்கொண்டு போவதும் சிக்கலில் மாட்டிவிடுவதும் இவன்தான். வெர்ன் இலக்கணத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கமாட்டார். ஆனாலும் ஆங்கிலேயர் ஒருவருக்குப் பாஸே எப்படிப்பட்ட துணை என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாகக் காலம். ஆங்கிலத்தில் கடந்த காலத்தைக் குறிக்கும் ‘பாஸ்ட்’, ‘பாஸ்’ வினையின் பழைய எச்ச வடிவமே. பிரெஞ்சிலும் கடந்த காலம் ‘பாஸே’. முதல் வருடம் படிக்கும் இறந்தகால வாய்பாட்டுக்கே ‘பாஸே கோம்போஸே’ என்று பெயர். நம் இலக்கணத்தில் இறப்பு, நிகழ்வு, எதிர்வு. ‘இற’ என்பதற்குப் பழந்தமிழில் கடத்தல், அப்பால் போதல், வரம்பு மீறுதல் என்றெல்லாம் பொருள். சாவு அதில் ஒரு கிளை. பழைய பிரெஞ்சு த்ரேபாஸேயின் சொத்துப் பட்டியலும் இதுவேதான். இன்று நம் பேச்சில் கடப்பது உதிர்ந்து சாவு மட்டும் மிஞ்சியிருக்கிறது, த்ரேபாஸேக்கு நேர்ந்ததைப் போலவே.

அகப்பாடல்களில் பொருள் தேடப் போகும் தலைவன் பாலை நிலத்தை ‘இறந்து’ போவான். வெயில், கள்ளி, ஆறலைப்போர் எல்லாவற்றையும் தாண்டி, அந்தப் பக்கம் போய், கார்காலம் தொடங்குமுன் திரும்புவான். வகுப்பில் அந்த வரியைப் படித்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கேட்கும்: “ஐயா, இறந்துட்டாரா? அப்புறம் எதுக்கு அந்த அம்மா இன்னும் வழியைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க?”